மாலை மாட்ட முடியாத பிரேம்

மாலை மாட்ட முடியாத மாதிரி ஒரு பிரேம் வேண்டும் என்று கேட்டு, இந்த இருபத்தெட்டு வருஷத்தில் என் கடைக்கு வந்த ஒரே ஆள் பொன்னி டீச்சர்தான். கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தும் தொலைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் என் கன்னத்தில் நானே இரண்டு போடலாம் என்று வருகிறது.

என் பெயர் மரிய அருள். வீடு கடலூர் முதுநகரில், ஸ்டூடியோ சிதம்பரத்தில். ஸ்டூடியோ என்பது போர்டில்தான் இருக்கிறது. எல்லார் கையிலும் போன் வந்த பிறகு எவன் ஸ்டூடியோவுக்கு வந்து படம் எடுத்துக்கொள்கிறான்? பாஸ்போர்ட் சைஸ், ஆதாருக்கு லேமினேஷன், அதை விட்டால் செத்தவர்களின் படம். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், என் வீட்டு அடுப்பு எரிவதே செத்தவர்களால்தான். ஒரு வீட்டில் சாவு விழுந்தால் மறுநாளே யாராவது ஒரு கல்யாண குரூப் போட்டோவைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதுல மூணாவது ஆளு, அவுர மட்டும் பெருசு பண்ணிக் குடுங்க" என்பார்கள். நான் அவரைக் கூட்டத்திலிருந்து பிரித்து, காலரைச் சரிசெய்து, முகத்தில் கொஞ்சம் வெளிச்சம் ஏற்றி, பின்னால் நீல வானமும் வெள்ளை மேகமும் போடுவேன். பிரேமோடு சந்தன மாலையும் சின்னச் சிவப்பு பல்பும் இலவசம். இதெல்லாம் கை தானாகச் செய்கிற வேலை. தலைக்கு அதில் பங்கு கிடையாது.

பொன்னி டீச்சர் கீரப்பாளையத்துப் பக்கம் ஒரு அங்கன்வாடியில் டீச்சர். அவர் தெருவிலேயே பன்னிரண்டாம் வகுப்பு தேறிய முதல் பெண். ஆயாவாக வேலைக்குச் சேர்ந்து, ஆறு வருஷம் கழித்து டீச்சரானவர். அந்தச் சுற்றுவட்டாரத்தில் முப்பது வயசுக்குள் இருக்கிற பாதிப் பேர் அவர் கையால் முட்டை உரித்துத் தின்றவர்கள். வாய் ஜாஸ்தி. பிள்ளைகளின் ஆதாருக்குப் படம் எடுக்கத் தாய்மார்களை ஸ்கூட்டியில் உட்காரவைத்து அழைத்து வருவார். வந்தால் சும்மா நிற்க மாட்டார். "ஏண்ணே, இந்தக் கொழந்த இவ்ளோ கருப்பா? உங்க மிஷினக் கொஞ்சம் கழுவுங்க" என்பார். நானும் விட மாட்டேன். "மிஷின் இருக்கறதத்தான் காட்டும் டீச்சர், நீங்க வேணா பவுடரோட வாங்க" என்பேன். எங்களுக்குள் பேச்சு இப்படித்தான் ஓடும்.

அவருக்கு ஒரு மகன், ஒரு மகள். மகன் சித்தார்த். பள்ளிக்கூடத்தில் சேர்க்க, டிப்ளமா சேர, கடைசியில் பாஸ்போர்ட் எடுக்க என்று அவன் முகத்தை நாலைந்து தடவை நான்தான் படம் பிடித்திருக்கிறேன். டிப்ளமா மெக்கானிக்கல் முடித்து, கடலூரில் ஒரு கம்பெனியில் இரண்டு வருஷம் ஒப்பந்த வேலை பார்த்தான். அவர்கள் நிரந்தரம் செய்கிற மாதிரித் தெரியவில்லை. ஒரு ஏஜென்ட்டைப் பிடித்து வளைகுடாவில் சரக்குக் கப்பலில் இன்ஜின் வேலைக்குப் போனான். போனது இருபத்துநாலு வயசில். அடுத்த வருஷம் அக்டோபரில் அந்தக் கப்பல் புயலில் முழுகிப்போனது. பதினோரு பேர் அதில் இருந்தார்கள். ஏழு பேரின் உடம்பு கிடைத்தது. கிடைக்காத நாலு பேரில் சித்தார்த் ஒருவன். கம்பெனி அனுப்பிய கடிதத்தில் "காணவில்லை" என்று இருந்ததாம். செத்துவிட்டான் என்று இல்லை.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் டீச்சர் நாலு வருஷம் ஓட்டினார். கலெக்டர் ஆபீசுக்கு மனு, சென்னைக்கு மனு, டெல்லிக்கு மனு. லால்பேட்டையில் வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் யார் யார் என்று விசாரித்து, ஞாயிற்றுக்கிழமையானால் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு அங்கே போய்விடுவார். ஒருத்தர், பெரிய மனுஷர், "கடல்ல தப்பிச்ச ஆளுங்கள வேற நாட்டுல புடிச்சி ஜெயில்ல வச்சிருப்பாங்கம்மா, அப்படி நடந்திருக்கு, அல்லா பெரியவன்" என்று சொல்லிவிட்டார். ஆறுதலுக்குச் சொன்னதுதான். டீச்சர் அதைச் செய்தியாகவே எடுத்துக்கொண்டார். என் கடைக்கு வந்தவர், "அண்ணே, புள்ள ஜெயில்ல இருக்கானாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். மகன் ஜெயிலில் இருக்கிறான் என்று சந்தோஷப்பட்ட தாயை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. "நல்லது டீச்சர்" என்றேன்.

போன ஆவணி மாசம் ஒரு நாள் மத்தியானம் தனியாக வந்தார். போனில் சித்தார்த்தின் பாஸ்போர்ட் படத்தைக் காட்டி, "இத வீட்டுல வைக்கிற மாதிரிப் பெருசா வேணும்ணே" என்றார். என் வாய்க்கு என்ன வந்தது தெரியுமா? "பன்னெண்டுக்குப் பதினெட்டு போட்டுடலாம் டீச்சர். சந்தன மாலை ப்ரீ."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது. டீச்சர் போனை மெதுவாகத் திருப்பி எடுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை. அவர் திட்டவில்லை.

"அதுக்குத்தாண்ணே மொதல்லயே சொல்றேன். மாலை மாட்ட முடியாத பிரேமா குடுங்க. செவுத்துல மாட்டுனா எவனாவது வந்து ஒரு பூவச் சொருவிட்டுப் போயிடுவான். எந்தம்பியே வாங்கிகிட்டு வருவான் மாலையை."

அப்போதுதான் நான் சிரித்தேன். சங்கடத்தில் வந்த சிரிப்பு. அவருக்கு அது எப்படிப் பட்டதோ தெரியாது.

தம்பி உத்திராபதியைப் பற்றி அவர் சொன்னது சரிதான். முறைப்படி காரியம் செய்து, படம் திறந்து, அத்தோடு முடித்துவிட வேண்டும் என்று ஒரு வருஷமாக நச்சரித்துக்கொண்டிருந்தான். அவனையும் குற்றம் சொல்ல முடியாது. டீச்சரின் மகள் வெண்மதிக்கு வயசு இருபத்தேழு. கடலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வந்த வரன்களெல்லாம் "அண்ணன் என்ன ஆனாரு?" என்ற கேள்வியில் முட்டிக்கொண்டு திரும்பிப் போயின. சாவு என்றால் சாவு என்று தெரிய வேண்டும், காரியம் முடிந்திருக்க வேண்டும். இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் பெண் எடுக்க எவனும் தயாராக இல்லை.

நான் டிஜிட்டல் போட்டோ பிரேம் என்று ஒன்று இருப்பதைச் சொன்னேன். சின்ன டிவி மாதிரி மேசையில் நிற்கும், பென் டிரைவில் படங்களைப் போட்டுச் சொருகினால் ஒவ்வொன்றாக மாறிக்கொண்டே இருக்கும் என்றேன். டீச்சரின் முகத்தில் உயிர் வந்துவிட்டது.

"மாறிகிட்டே இருக்குமா? நிக்காதா?"

"நிக்காது டீச்சர்."

"அப்ப அதுதாண்ணே வேணும். செத்தவுங்க படந்தான் ஒரே எடத்துல நிக்கும்."

பாண்டிச்சேரி மொத்தக் கடையிலிருந்து மூன்று மாடல் வரவழைத்தேன். மேசையில் வரிசையாக வைத்து, ஒன்றொன்றாக ஓடவிட்டுக் காட்டினேன். பெண் பார்க்கிற மாதிரி அப்படி ஒரு விசாரணை. முதல் மாடலில் பின்பக்கம் ஆணியில் மாட்ட ஒரு துளை இருந்தது. அதைத் தடவிப் பார்த்தவுடன் ஒதுக்கிவிட்டார். இரண்டாவது, உள்ளதிலேயே ஒசத்தி. அறையில் ஆள் நடமாட்டம் இருந்தால்தான் படம் ஓடும், யாரும் இல்லையென்றால் தானாக அணைந்துவிடும், கரண்டு மிச்சம்.

"வீட்டுல யாரும் இல்லன்னா?"

"அணைஞ்சிடும் டீச்சர்."

"நான் சென்டருக்குப் போயிடுவேன், பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போயிடும், இவுரு எங்கியாச்சும் போயிடுவாரு. நாளெல்லாம் அவன இருட்டுல போட்டு வைக்கறதா? வேணாம்ணே."

"டீச்சர், மிஷினப் பாருங்க, மிஷின மட்டும் பாருங்க" என்று எரிந்து விழுந்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. மூன்றாவது மாடல் பத்து இஞ்சு. கறுப்புச் சட்டம், பின்னால் ஒரு கால், ஆணிக்கு இடம் கிடையாது. கரண்டு போனால் என்ன ஆகும் என்று கேட்டார். வந்தவுடன் முதல் படத்திலிருந்து ஆரம்பிக்கும் என்றேன். எத்தனை படம் பிடிக்கும் என்று கேட்டார். ஆயிரக்கணக்கில் போடலாம் என்றேன்.

"அப்ப அவன் கல்யாணப் படத்துக்கும் எடம் இருக்கும்" என்று சொல்லி, அதையே எடுத்துக்கொண்டார்.

படங்களை ஏற்றித் தர வேண்டியது என் வேலை. அவர் போனிலிருந்து ஐம்பது அறுபது படங்கள். திருவிழா, பிறந்தநாள், வெண்மதி நர்சிங் முடித்தது, சித்தார்த் கப்பலில் நின்று அனுப்பியது. "மாமனார் மாமியார் படத்தையும் போட்டுடுங்க, குடும்பம்னா எல்லாரும் இருக்கணும்ல" என்று செவுத்தில் தொங்கிய அந்த இரண்டு படங்களையும் கொண்டுவந்து கொடுத்தார். இரண்டு பேரும் செத்துப் பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பொட்டும் மாலையுமாக இருந்த படங்கள். அப்படியே ஸ்கேன் செய்தேன். சித்தார்த்தின் பாஸ்போர்ட் படம் பெரிய திரையில் மங்கலாகத் தெரிந்தது. அதையும் எடுத்துத் துடைத்துச் சீராக்கினேன். ஆவணி முகூர்த்த நேரம், கடையில் கூட்டம், ஒரே உட்காரலில் மூன்று படத்தையும் முடித்து, 1, 2, 3 என்று பெயர் போட்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பின்னால் வந்தது.

இங்கேதான் நான் செய்த அநியாயம். சித்தார்த்துக்குப் பின்னால் இருந்த வெள்ளைத் துணியை எடுத்துவிட்டு, நீல வானமும் வெள்ளை மேகமும் போட்டிருக்கிறேன். சத்தியமாக நான் நினைத்துச் செய்யவில்லை. ஒரு ஆளின் முகத்தைப் பெரிசாக்கினால் என் கை அடுத்துப் போகிற இடம் அதுதான். பென் டிரைவைக் கொடுக்கும்போது திரும்பப் பார்க்கவும் இல்லை. டீச்சர் பார்த்தார். "எம்மா தெளிவா இருக்கான் பாருங்கண்ணே, இப்பதான் குளிச்சிட்டு வந்த மாதிரி" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஐப்பசியில் வெண்மதிக்கு ஒரு வரன் கூடிவந்தது. பையன் இளவரசு, குறிஞ்சிப்பாடி, பேங்கில் வேலை. பெண்ணைக் கடலூர் ஆஸ்பத்திரியில் பார்த்துப் பிடித்துப்போய் அவனாகவே வீட்டில் சொல்லியிருக்கிறான். உத்திராபதிதான் நடுவில் நின்று பேசினான். அண்ணனைப் பற்றிக் கேட்டபோது டீச்சர் "வெளிநாட்டுல இருக்கான்" என்று சொல்லிவிட்டார். உத்திராபதியும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டான். பூ வைக்க நாள் குறித்தார்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனுஷி பெண்ணுக்குத் தலையில் பூ வைத்துவிட்டால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். போட்டோ எடுக்க என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். "எங்கூட்டு விசேஷத்துக்கு நீங்க வராம யாரு வருவாங்க" என்று டீச்சர் இரண்டு தடவை போன் செய்தார்.

அன்றைக்குக் காலையிலிருந்தே மழை. கூடத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். டிவி ஸ்டாண்டின் மேல் அந்த பிரேம் ஓடிக்கொண்டிருந்தது. டீச்சர் பட்டுப்புடவையில், யாரையும் ஒரு இடத்தில் உட்காரவிடாமல், "காபி வருது, காபி வருது" என்று பறந்துகொண்டிருந்தார். அவர் வீட்டுக்காரர் கண்ணாயிரம், அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர், பேசுவதே அபூர்வம். அவர்கூட அன்றைக்குச் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு நின்றார். நாலு வருஷமாக அந்த வீட்டில் இல்லாத வெளிச்சம். நானும் வெட்கமில்லாமல் சந்தோஷப்பட்டேன்.

பையனின் அத்தை செல்லாயி, அறுபது வயசுக்காரம்மா, அவர்தான் பூ வைக்க வேண்டியவர். மல்லிகைப் பந்தைத் தட்டில் வைத்துக்கொண்டு பிரேமுக்கு நேர் எதிரில் உட்கார்ந்திருந்தார். அந்த நேரம் பார்த்துக் கரண்டு போனது. இரண்டு நிமிஷம்தான். திரும்ப வந்தது. பிரேம் முதல் படத்திலிருந்து ஆரம்பித்தது.

முதலில் மாமனார், பொட்டும் மாலையுமாக. அடுத்து மாமியார், பொட்டும் மாலையுமாக. அதற்கடுத்து சித்தார்த், மேகத்துக்கு நடுவில்.

அப்போதுதான் நான் பார்த்தேன். எழுந்து போய் ஸ்விட்சை அணைத்துவிடலாம் என்று ஒரு அடி வைத்தேன். எனக்கு முன்னால் அந்தம்மா எழுந்துவிட்டார். "அடப்பாவமே, எளந்தாரிப் புள்ளயாச்சே! எங்ககிட்ட சொல்லவே இல்லியேம்மா நீங்க" என்று சொல்லி, பந்திலிருந்து ஒரு முழம் மல்லிகையைக் கிள்ளினார். பிரேமின் தலையில் அதை வைத்து, இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நல்ல மனசோடு செய்தார். அவருக்குத் தெரிந்த மரியாதை அதுதான்.

படம் மாறியது. பூவுக்குக் கீழே வெண்மதி சிரித்துக்கொண்டு நின்றாள்.

செல்லாயி அம்மா கையை உதறிக்கொண்டு பின்னால் வந்தார். சமையல்கட்டிலிருந்து காபித் தட்டோடு வந்த டீச்சர் அதைப் பார்த்தார். தட்டை அப்படியே கீழே போட்டார். ஓடிவந்து பூவைப் பிடுங்கி எறிந்துவிட்டு, "எம்புள்ள இருக்கான்! யாரக் கேட்டுப் பூ போட்டீங்க? எம்புள்ள இருக்கான்!" என்று கத்தினார். அந்தச் சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் மழையோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

மாப்பிள்ளை வீட்டார் எழுந்துவிட்டார்கள். உத்திராபதி வாசல் வரை பின்னாலேயே போய் எல்லாவற்றையும் சொன்னான். கப்பல், புயல், காணவில்லை என்ற கடிதம், ஒன்று விடாமல். அவர்கள் சத்தம் போடவில்லை. மீதிப் பூவைத் தட்டோடு மூடி எடுத்துக்கொண்டு காரில் ஏறினார்கள். செத்தவனுக்குப் போட்ட பூவில் மீதியை எந்த வீட்டில் பெண் தலையில் வைப்பார்கள்? போகும்போது பையனின் அப்பா கண்ணாயிரத்திடம் சொன்னதை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"பொண்ணு தங்கமான பொண்ணுங்க. எங்க பையனும் புடிவாதமா இருக்கான். ஆனா இப்படி ஒரு சங்கதிய மறைச்சி வச்சத எங்களால ஏத்துக்க முடியாது. மொறையா காரியத்தப் பண்ணி முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க. தையில வச்சிக்கலாம்."

கண்ணாயிரம் தலையை ஆட்டினார். அவர்கள் போன பிறகு என்னைப் பார்த்தார். நான் "அண்ணே, தப்பு என்னுது, அந்த மேகம்..." என்று ஆரம்பித்தேன்.

"மொத நாளே பாத்தன். எனக்குத் தெரிஞ்சிது. அவ அவ்ளோ சந்தோஷமா இருந்தா. எப்படிச் சொல்றது?" என்றார். அவ்வளவுதான் பேசினார். தெருவில் இறங்கி மழையில் நடந்து போய்விட்டார்.

அடுத்த நாலு வாரம் அந்த வீட்டில் நடந்ததையெல்லாம் உத்திராபதி கடைக்கு வந்து சொல்வான். "மச்சான் வாயே தொறக்க மாட்டேங்கறாரு. அக்கா கிட்டப் போனா அடிக்க வருது. நான் யாரப் போய்ப் பாக்கறது?" என்று என் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதான். வெண்மதிதான் கடைசியில் பேசியிருக்கிறாள். அம்மாவைத் திட்டவில்லை, காரியம் பண்ணு என்றும் சொல்லவில்லை. "எனக்குக் கல்யாணமே வேணாம்மா. நீ அண்ணனுக்குப் பூ போட வேணாம். நாம நாலு பேரும் இப்படியே இருந்துடுவோம்" என்றாளாம். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரி விடுதியில் தங்கப் போய்விட்டாள். வாரத்துக்கு ஒரு நாள் வந்தவள் அப்புறம் அதுவும் வரவில்லை. போன் பண்ணினால், டியூட்டி என்று வைத்துவிடுவாள்.

கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை, நான் கடையைத் திறந்து பத்து நிமிஷம் இருக்கும், டீச்சர் வந்தார். ஸ்கூட்டி இல்லை, பஸ்ஸில் வந்திருந்தார். ஒரு மாசத்தில் பத்து வயசு ஏறியிருந்தது. எப்போதும் வந்தவுடன் ஏதாவது என்னைச் சீண்டுவாரே, அது ஒன்றும் இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேசையில் வைத்தார்.

"வர்ற ஞாயித்துக்கெழம படம் தொறக்கறோம்ணே. பன்னெண்டுக்குப் பதினெட்டு போட்டுக் குடுங்க."

பெரிய குற்றவாளி மாதிரி அவர் எதிரில் நின்றேன். "டீச்சர், நான் அந்த மேகத்தப் போடாம இருந்திருந்தா..." என்றேன்.

"உங்க கைக்குத் தெரிஞ்சிருக்குதுண்ணே, எனக்குத்தான் தெரியல. உடுங்க." கோபமே இல்லை அந்தக் குரலில். எனக்கு அதுதான் தாங்கவில்லை. "அவன வச்சிகிட்டு இவள வெளிய அனுப்பிட்டன் பாருங்க. இருக்கற புள்ளயும் போயிடும் போல இருக்குது. வேற என்னா பண்றது சொல்லுங்க."

பொறுங்கள், வருவான் என்று சொல்ல என் நாக்கு எழவில்லை. நல்லதுதான் செய்கிறீர்கள் என்றும் சொல்ல முடியவில்லை. அவர் அழுதிருந்தால் நானும் அழுதிருப்பேன். அவர் கம்ப்யூட்டர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்து படத்தை ஏற்றினேன். கீழே பெயரை அடித்தேன். க. சித்தார்த். அதற்குக் கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு வரி. படம் திறக்கிற வீட்டில் அந்த இரண்டு வரி இல்லாமல் யாரும் வாங்கிப் போக மாட்டார்கள். தோற்றம் அவரே சொன்னார். 2.8.1996.

அடுத்த வரியில் கர்சர் நின்று துடித்துக்கொண்டிருந்தது. நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் இல்லை.

"காலியா விட்டுடலாம் டீச்சர்" என்றேன்.

"அது ஆவாதுண்ணே. அவுங்க வீட்டுலேருந்து வந்து பாப்பாங்க. தேதி இல்லன்னா மறுபடியும் ஒரு பேச்சு வரும்."

"கப்பல் முழுவுன அன்னிக்கித் தேதி போட்டுடறேன்."

"அன்னிக்கு நான் சென்டர்ல கொழந்தைங்களுக்கு எட பாத்துகிட்டு இருந்தண்ணே. சிரிச்சிகிட்டு இருந்தன். எனக்கு ஒண்ணுமே தெரியல. பெத்தவளுக்கு ஒரு இதுகூடவா தெரியாது? அன்னிக்கு அவன் சாவல." திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். "இன்னிக்குத் தேதி போடுங்க."

"டீச்சர், ஊரு ஒரு மாதிரியா பேசும்."

"பேசட்டும். நேத்து வரைக்கும் எனக்கு உசுரோடதான் இருந்தான். நேத்து ராத்திரிகூட அவனுக்கும் சேத்துதான் அரிசி போட்டன். இன்னிக்குக் காலையிலதான் கொறச்சன்."

நான் 27.11.2025 என்று அடித்தேன். எழுத்து சரியாகத் தெரியவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"வயசும் போடுங்கண்ணே" என்றார்.

"எவ்வளவு டீச்சர்?"

விரல் விட்டு எண்ணினார். "இருபத்தொம்போது."

கடலில் காணாமல் போனபோது அவனுக்கு இருபத்தைந்து. நான் இருபத்தொன்பது என்றே அடித்தேன்.